மேஜைக்கு அந்தப் பக்கம்

மாப்பிள்ளைக்கு ஒரு தங்கை இருக்கிறாள் என்று பெண் பார்க்க வந்தபோது சொன்னார்கள். ஆபீஸ் விட்டு வந்ததும் அவர் அவளோடுதான் பேசிக்கொண்டிருப்பார் என்று யாரும் சொல்லவில்லை. மார்டள்ளி கிராமத்திலிருந்து மைசூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். நாத்தனார் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அவ்வளவு வளர்ந்தவளை அவர் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார். என்னைக் கூப்பிட 'இங்க பாரு' போதும்.

சுதந்திரம் வந்த புதிது. வீட்டிலேயே ஏதாவது தொழில் செய்ய வேண்டும் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் ஒரு கோடை லீவில் துணியில் ஸ்கிரீன் அச்சுப் போடக் கற்றுக்கொண்டு வந்தாள். மரச்சட்டத்தில் பட்டுத்துணியை இழுத்துக் கட்டி, பூ விழ வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்றதை அரக்கால் அடைத்துவிடுவாள். அதன்மேல் சாயக்கூழை ஊற்றி ரப்பர் பதித்த கட்டையால் இழுத்தால், அடியில் விரித்த துணியில் பூ விழும். கன்னியர் மடத்திலிருந்து கிறிஸ்துமஸுக்கு ஜன்னல் திரைகள் கேட்டிருந்தார்கள்.

"சட்டம் பெரிசில்ல அண்ணா, மேஜைதான் முக்கியம். நாமளே செஞ்சுடலாம்" என்றாள். அண்ணா அந்த நிமிஷமே சட்டையைக் கழற்றிவிட்டார். துணி காயப்போட ஒரு கொடி கட்டித் தரச் சொல்லி மழைக்கு முன்னாலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், அதற்கு அவருக்கு நேரம் வரவில்லை.

இடித்த வீட்டிலிருந்து இரண்டு பழைய கதவுகளை வண்டியில் கொண்டுவந்தார். அவற்றைச் சேர்த்துக் கால் வைத்ததும் கூடம் முழுக்க மேஜையாகிவிட்டது. மேஜை சமமாக இருக்கிறதா என்று பார்க்கப் பக்கத்து வீட்டுக் கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி மேலே வைத்தார்கள். அதன் கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் நிற்கிறதா என்று இரண்டு தலையும் ஒட்டிக்கொண்டு பார்க்கும். "இன்னும் கொஞ்சம் அண்ணா." "இப்ப பாரு பாப்பா." நான் காப்பி கொண்டுபோய் நின்றால், "நந்தி மாதிரி வெளிச்சத்தை மறைக்காதீங்க அண்ணி" என்பாள். அவர் சிரிப்பார். நான் காப்பி டம்ளரை ணங்கென்று வைத்துவிட்டு வருவேன்.

மேஜை அகலம். ஒரு ஆளுக்குக் கை எட்டாது. அவர் இந்தப் பக்கம் நின்று கட்டையைப் பாதிவரை தள்ளுவார். அங்கே நாத்தனார் கை மாற்றி வாங்கித் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். நடுவில் கை நின்றால் அந்த இடத்தில் கோடு விழுந்துவிடும். அதனால் சாயம் இல்லாமலே அண்ணனும் தங்கையும் பழகிக்கொண்டிருந்தார்கள். கல்யாணமாகி வந்த இத்தனை நாளில் என் கையிலிருந்து அவர் எதையும் அவ்வளவு பதமாக வாங்கியதில்லை. அந்தப் பக்கம் நான் நிற்க வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் வெறி பிடித்தது.

மேஜைக்கு மெத்தை போட்டால்தான் அச்சு நன்றாக விழுமாம். சந்தையில் விற்கும் கருங்கம்பளியை இழுத்து ஆணி அடித்தார்கள். அதன்மேல் வெள்ளைத்துணி, அதன்மேல் திரைத்துணி. சாயம் இழுத்துவிட்டுச் சட்டத்தைத் தூக்கிப் பார்த்தால் பூவெல்லாம் அம்மை வார்த்த முகம். கம்பளியின் முடிச்சும் முரடும் அப்படியே மேலே தெரிந்தன. நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. நான் அடுப்படிக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அவர் கம்பளியைத் தடவிப் பார்த்தார். "மெத்துனு இருக்கணும்" என்றார். பிறகு மூன்று பேரும் என் டிரங்குப் பெட்டியைப் பார்த்தோம். பட்டாளத்திலிருந்து வந்த என் மாமா, மைசூர்க் குளிருக்கு என்று கல்யாணத்துக்குக் கொடுத்த கம்பளி அதற்குள் இருந்தது. பூனைக்குட்டி மாதிரி இருக்கும். நான் போர்த்தியதுகூட இல்லை.

"குடுக்கிறேனுங்க" என்றேன். "ஆனா அந்தப் பக்கம் நாந்தான் நிப்பேன்."

கோபம் வந்தால் நாத்தனாருக்கு வாய் கன்னடத்துக்குப் போய்விடும். "சும்னிரி அண்ணி, சும்மா இருங்க. இது என்ன அம்மிக்கல்லா? உங்களுக்கு ஆகல்ல, முடியாது."

"பகல்ல நீ பள்ளிக்கூடம் போயிட்டா ஆரு பிடிக்கிறது? உங்கண்ணன் இதுக்குன்னுதான் ஆபீசுக்கு லீவு போட்டிருக்காரு. திரை வெள்ளிக்கிழமைக்கு வேணுமாமில்ல?"

அவர் தங்கையைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். "அண்ணி சொல்றதும் சரிதானே பாப்பா" என்றார், குரலே எழும்பாமல். பெட்டியைத் திறந்து கம்பளியை நானே எடுத்துக் கொடுத்தேன். அதில் ஆணி இறங்கியபோது எனக்குத் துளிக்கூட வருத்தமில்லை.

மறுநாள் காலை ஈரத்தலையை அள்ளி முடிந்துகொண்டு அந்தப் பக்கம் போய் நின்றேன். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய நாத்தனார் பையோடு வாசற்படியில் நின்றுவிட்டாள், நான் சொதப்புவதைப் பார்த்துவிட்டுத்தான் போவாள் போலிருந்தது. அவர் சாயக்கூழை ஊற்றினார். கட்டையை இரண்டு கையாலும் அழுத்தித் தள்ளிக்கொண்டு வந்தார். கண் பூவின் மேலேயே இருந்தது. நடுவுக்கு வந்ததும், குனிந்த தலை நிமிராமல், "பாப்பா, பிடி" என்றார்.

வாசற்படியிலிருந்து அவள் கையும் தானாக நீண்டது. நான் முந்திக்கொண்டு பிடித்து என் பக்கம் இழுத்தேன். கோடு விழவில்லை.