அலாய்க்காரரும் அரிப்புப் பலகையும்

அலாய்க்காரர் மனிதர்களை முகத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்பவர் அல்ல. தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் அவர் பதில் வணக்கம் வைப்பது அவர்களுடைய வண்டியின் முன்சக்கரத்துக்கு. பெரிய பட்டறை ஒன்றில் அரை ஆயுசுக்கு 'அலாய்' எனப்படும் அலுமினியக் கார் சக்கரங்களின் பழைய பெயிண்ட் தோலை உரித்தவர், திடீரென்று ரோஷம் வந்து வீட்டு முன்பக்க ஷெட்டிலேயே சொந்தக் கடை போட்டுவிட்டார்.

ரோஷத்துக்குக் கெடு வைத்தவர் மனைவியின் அண்ணன். "மாசக் கடைசிக்குள்ள ஒரு சக்கரமாவது உள்ள வரணும் மாப்ளே. வரலைன்னா பேசாம நம்ம பெயிண்ட் கடையில வந்து உக்காந்துடுங்க."

அந்தக் கடையில் உட்காருவது என்றால், மச்சான் தும்மினாலும் "நல்லாத் தும்முனீங்க" என்று சொல்ல வேண்டும். அலாய்க்காரருக்கு அந்த வாய் வராது.

பெருந்தன்மை காரணமாகப் பெயர்ப்பலகையையும் மச்சானே எழுதிக் கொடுத்தார். 'கொப்புளம், அரிப்பு வேரோடு நீக்கப்படும்.'

"வீல்னு ஒரு வார்த்தை போட வேணாமா மச்சான்?"

"போட்டா கார் வெச்சிருக்கவன்தான் வருவான். போடலைன்னா ஊரே வரும்."

ஊரே வந்தது. கழுத்தைச் சொறிந்துகொண்டு ஒருவர் வந்தார். குதிகாலைத் தூக்கி மேஜைமேல் வைத்தபடி ஓர் அம்மா, "தொட்டுப் பாருங்க டாக்டர்" என்றார். வராதது சக்கரம் மட்டும்தான்.

மாசக் கடைசி நாள் காலையில் ஒரு கார் வந்து நின்றது. அலாய்க்காரர் ஓடிப்போய் அதன் முன் குந்தினார். முன்சக்கரத்தில் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி, ஓரத்தில் வெள்ளைப் புழு ஊர்ந்தது போலக் கோடு கோடாக அரித்திருந்தது. அவர் கண்ணுக்கு அது மகாலட்சுமி. காரிலிருந்து இறங்கிய அம்மாவை அவர் பார்க்கவே இல்லை.

"எத்தனை வருஷமா இப்படி இருக்கு?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்தே."

"சரியாக் கழுவறது இல்லையோ?"

"அதை ஏன் கேக்கறீங்க! சோம்பேறித்தனம்."

"காத்து இறங்குதா?"

அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். "ராத்திரி பூரா."

"அப்போ உள்பக்கமும் அரிச்சிருக்கும். இங்கயே விட்டுட்டுப் போங்க, ரெண்டு மூணு நாளாகும்."

"ஒரு வாரம்கூட வெச்சுக்குங்க, அவசரமே இல்லை."

"முதல்ல மருந்து தடவித் தோலை முழுசா உரிச்சிடுவேன். அப்புறம் வெள்ளைப் பொடி போற வரைக்கும் மணல் அடிக்கணும். பூச்சு குடுத்து, கடைசியா அடுப்புல வெச்சுச் சுட்டு எடுத்தா புதுசு மாதிரி ஆயிடும்."

காருக்குள் முதுகைச் சொறிந்துகொண்டிருந்த அவருடைய கணவர் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

"வலிக்காதே?" என்றார் அந்த அம்மா, அவ்வளவாக அக்கறையில்லாமல்.

"அலுமினியத்துக்கு என்னம்மா வலி? நாலையும் கழட்டிடறேன்."

"நாலா? இவருக்கு ரெண்டு கை, ரெண்டு..." கணக்கு சரியாக வந்துவிட்டதில் அவரே கலங்கிப்போனார்.

விஷயம் புரிந்ததும் அந்த அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அரிப்புன்னு போட்டுட்டு மனுஷங்களை ஏமாத்தறீங்களா?" என்றவர் கணவர் பக்கம் திரும்பினார். "எடுங்க வண்டியை!"

பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில், ஒரு தும்மலுக்காகக் காத்து உட்கார்ந்திருக்கும் தன்னையே அலாய்க்காரர் மனக்கண்ணில் பார்த்துவிட்டார்.

அப்போது கண்ணாடி மெல்ல இறங்கியது. "காத்து எதனால இறங்குதுன்னு சொன்னீங்க?"

"டயர் உக்கார்ற விளிம்புல பொடி பூத்திருக்கும் சார். அந்த இடுக்கு வழியாத்தான் கசியும்."

"நாலு பஞ்சர் கடைக்காரன் ஆணியைத் தேடினான். ஒருத்தனும் இதைச் சொல்லலை." கணவர் இறங்கியே விட்டார். "என் முதுகு அடுத்த மாசம் வரைக்கும் தாங்கும்டி. கழட்டுங்க சார்."

சாயங்காலம் மச்சான் வந்தபோது, ஷெட்டை அடைத்துக்கொண்டு கார் முட்டுக்கட்டைமேல் நின்றது. தரையில் நாலு சக்கரங்களும் பிறந்தமேனியாகக் கிடந்தன. அலாய்க்காரர் ஒன்றை மடியில் வைத்து, விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அரித்த குழிகளை மறைத்து மேலே பூசியிருந்தால் இந்நேரம் முடிந்திருக்கும். அவர் விரல் இன்னும் ஒரு சொரசொரப்பில் போய்ப் போய் நின்றது.

"பாத்தீங்களா, எல்லாம் பலகையோட மகிமை!" என்றார் மச்சான். "இருந்தாலும் ஒரு வண்டியை நம்பி உக்கார முடியுமா? நாளைக்குக் கடைக்கு வந்துடுங்க."

"திங்கட்கிழமை வரைக்கும் கையில வேலை இருக்கு மச்சான்."

"அதுக்கு அப்புறம்?"

"அப்புறம் செவ்வாய்க்கிழமை" என்றார் அலாய்க்காரர், சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.