சந்தனம் பூசிய புத்தகம்

சொர்ணாம்பாளுக்கு ஐந்து வயதில் அம்மை போட்டுக் கண் போயிற்று. பாளையங்கோட்டையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் நடத்திய பள்ளியில், தடித்த தாளில் குத்திய புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கக் கற்றாள். அங்கே இருந்தவை வேதாகமக் கதைகள். சிவன் பாடல்களையும் அப்படிப் படிக்க ஆசைப்பட்டாள். தங்கை கோமு வாசிக்க, ஒரு வருஷம் உட்கார்ந்து ஐம்பது பதிகங்களைத் தானே குத்தி முடித்தாள்.

டவுணில் அவள் வீடு இருந்த எங்கள் தெருப் பஜனை மடத்துக்கு ஆவுடைநாயகம் பிள்ளை தலைவர். அவருக்குக் கண் நன்றாகத் தெரியும். ஆனால் அவர் ஒரு புத்தகத்தைத் திறந்து நான் பார்த்ததில்லை. 1912 சரஸ்வதி பூசைக்குச் சொர்ணாம்பாள் குத்திய புத்தகத்தை வாங்கிப் போனார். பக்கத்துக்குப் பக்கம் சந்தனம் அப்பி, புத்தக அடுக்கின் அடியில் வைத்து, மேலே குத்துவிளக்கையும் ஏற்றினார். புள்ளிகள் நசுங்கித் திரும்பி வந்தன.

“அண்ணாச்சி, ஒரு எழுத்துகூட விரலுக்குத் தட்டுப்படலையே!”

“ஏளா, சாமி புஸ்தகத்தைக் கும்பிடணும். தடவிக்கிட்டா இருப்பாவ?”

கூட வந்த பெரிய மனிதர்கள் சிரித்தார்கள். படிப்பவளைவிட இவர்களுக்குத் தாள்தான் பெரிது.

சொர்ணாம்பாள் மறுபடியும் ஒரு வருஷம் குத்தினாள். அடுத்த பூசைக்குப் பிள்ளை வந்து கேட்டபோது, ஒரு புள்ளிகூட இல்லாத தாள்கட்டைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

“நல்லாப் பூசுங்க அண்ணாச்சி.”

பூசினார்கள். விரலால் சந்தனம் தடவிய அத்தனை பேரில் ஒருவருக்கும் அது வெறும் தாள் என்று தெரியவில்லை. விழுந்து கும்பிட்டார்கள். அப்போது அவள் வீட்டில் உட்கார்ந்து மூன்றாம் பதிகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.