பரிசு வீட்டுக்கு உறுதி எங்கே?

போன சனிக்கிழமை எனக்கு ஒரு கார் விழுந்தது!

தபாலில் வந்த கடிதத்தைப் படித்து அப்படித்தான் நினைத்தேன். கார், கலர் டிவி, ஸ்பெயினில் விடுமுறை – மூன்றில் ஒன்று நிச்சயமாம். கணவனும் மனைவியுமாக வரவேண்டும். செக் புத்தகமும் கொண்டுவர வேண்டும்.

பரிசு வாங்கப் போகிறவனுக்கு எதற்குச் செக் புத்தகம்? எனக்கு இந்தக் கேள்வி வரவில்லை. என் மனைவி சரோவுக்கு வந்தது. "அடையாளத்துக்காக்கும்" என்று சமாளித்து, எங்கள் பக்கத்து ஸ்டேஷன் கோலியர்ஸ் வுட்டில் ரயிலேற்றிக் கூட்டிப்போனேன்.

ஹோட்டல் மண்டபம். மேசைக்கு ஒரு ஜோடி, ஒரு விற்பனையாளர். எங்களுக்கு வாய்த்தவர் படம் காட்டினார்... ஸ்பெயின் கடற்கரை, பால்கனி, நீச்சல்குளம். "வருடத்தில் ஒரு வாரம் இந்த வீடு உங்களுக்குச் சொந்தம். ஆயுள் முழுக்க! இன்றைக்கே முன்பணம் கட்டினால் பாதி விலை. பரிசும் கையோடு."

எழும்பினால் காப்பி வரும். மறுத்தால் மேனேஜர் வருவார், விலை இன்னும் இறங்கும். மூன்று மணித்தியாலத்தில் என் மண்டை கிறங்கிவிட்டது. பேனாவை வாங்கிவிட்டேன். வங்கியில் கிடந்ததோ, சரோவின் தம்பியைக் கொழும்பிலிருந்து இங்கே எடுப்பிக்கச் சேர்த்த காசு!

"இஞ்சரப்பா, கொஞ்சம் பொறுங்கோ."

சரோ மேனேஜர் பக்கம் திரும்பினாள். "திஸ் ஹவுஸ், வேர் இஸ் த டீட்?" வீட்டு உறுதிப் பத்திரத்தைத்தான் கேட்டாள்.

அவள் குடும்பம் யாழ்ப்பாணத்தில் ஒரு வேலிக்காக எட்டு வருடம் வழக்காடிய குடும்பம். காணி உறுதியைக் கண்ணால் பார்க்காமல் ஒரு சாண் நிலம் வாங்கமாட்டார்கள்.

மேனேஜர் சிரித்தார். "முதலில் கையெழுத்து மேடம். பத்திரம் பிறகு தபாலில் வரும்."

"நோ டீட், நோ மணி!"

பக்கத்து மேசையில் செக் எழுதிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பாதியில் நிறுத்தினார். "அவர் கேட்பது சரிதானே? எங்கே பத்திரம்?"

அவ்வளவுதான். மேசைக்கு மேசை அதே கேள்வி. கதிரைகள் பின்னால் நகரும் சத்தம். மேனேஜர் எங்களைக் கதவுப் பக்கம் தள்ளாத குறை. சரோ அசைந்தால்தானே? "கார் எங்கை?" என்றாள், சுத்தத் தமிழில்!

கார் வரவில்லை. ஆனால் வாசலில் அந்தக் கிழவரின் மனைவி சரோவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவர்களுடைய ஓய்வூதியச் சேமிப்பு முழுவதும் அந்தச் செக்கில் போக இருந்ததாம்.

ரயிலில் மெல்லச் சொன்னேன். "நீர் இல்லாட்டி இண்டைக்கு நான் முடிஞ்சன்."

"ஓம். பிறகு தம்பிக்கு என்ன சொல்லியிருப்பியள்? ஸ்பெயினிலை வந்து இறங்கு எண்டோ?"

பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி இரண்டு பேரும் சிரித்தோம்.

பரிசு தருகிறவன் பேனாவைத் திறந்தால், நீங்கள் கதவைத் திறந்துவிடுங்கள்!