பெரியக்காவிடம் போய்ச் சேர எடுத்த நேரம்

பிள்ளைகளே, அன்று சாப்பாட்டு மேசையில் மூத்தவன் தன் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினானே, நினைவிருக்கிறதா? மொன்றியலில் இருந்து கொழும்பு பதின்மூவாயிரத்து அறுநூறு கிலோமீற்றர், பறக்கும் நேரம் பதினாறு மணித்தியாலம் என்று அதில் இருந்தது. ஒரு நாள்கூட இல்லை அப்பா என்றான். அந்த எண்ணை நம்பி நான் இரண்டு நாளை வீணாக்கினேன். அதை உங்களுக்கு எழுதிவைக்க வேண்டும்.

உங்கள் பெரிய மாமி, என் பெரியக்கா, அப்போது யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனிச் செய்ய ஒன்றுமில்லை, நாட்கள்தான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அம்மா இல்லாத வீட்டில் எனக்குத் தலை வாரி இழுத்துவிட்டவர் அவர். இருபது வருடமாகப் போனில் அவருடைய முதல் கேள்வி, அங்கே இப்போது என்ன நேரம் என்பதுதான். எந்த நேரத்தைச் சொன்னாலும், "அப்ப நீ இன்னும் சாப்பிட்டிருக்கமாட்டாய்" என்பார்.

ஜான்-டலோன் சந்தையில் நான் வேலைசெய்யும் மரக்கறிக் கடையில் நீண்ட லீவு வருடத்துக்கு ஒருமுறைதான் கிடைக்கும். இங்கே எங்கள் ஆட்கள் செய்வதும் ஒன்றுதான். ஊரில் உயிர் போனபிறகு செய்தி வரும், ஓடிப்போவோம், அதுவரை அங்கே உடலைப் பெட்டியில் வைத்துக் காத்திருப்பார்கள். என்னோடு வேலைசெய்யும் மன்னார் அண்ணையும் அதைத்தான் சொன்னார். "இப்ப போய் லீவை முடிச்சிட்டு, பேந்து செத்தவீட்டுக்கு என்ன செய்வாய்? சனம் கதைக்கும். பதினாறு மணித்தியாலம்தானே, வைச்சிருப்பினம்." கெட்ட மனதோடு சொல்லவில்லை. தன் தகப்பனுக்கு அவர் அப்படித்தான் போய்வந்தவர். நானும் தலையாட்டினேன்.

மூன்றாம் நாள் காலை பெரியக்காவே எனக்குப் போன் எடுத்தார். நேரம் கேட்கவில்லை. மூச்சு வாங்கியது.

"தம்பி, பெட்டியைப் பாக்க வாறதெண்டால் வராதை. நான் அதுக்குள்ளை கிடந்து உன்னோடை என்னத்தைக் கதைக்கிறது? கதைக்கிறதெண்டால் இப்ப வா."

அன்று மாலையே ஏறினேன். பதினாறு மணித்தியாலத்தில் நேராகப் போகும் விமானமே இல்லை என்பது டிக்கெட் எடுக்கும்போதுதான் தெரிந்தது. ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டுக் கதவைப் பூட்டியதில் இருந்து, டோஹாவில் காத்திருந்து, கொழும்பில் வாடகைக்கு ஒரு வான் வண்டி பிடித்து, மழைக்குள் போய், அக்காவின் கட்டிலைத் தொடும்வரை முப்பத்தெட்டு மணித்தியாலம். வீணாக்கிய அந்த இரண்டு நாளும் வழியெல்லாம் என்னோடு வந்தன.

அக்கா கண் திறந்து பார்த்தார். "என்னடா இவ்வளவு கெதியா வந்திட்டாய், நான் இன்னும் போக வெளிக்கிடேல்லை" என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரும் சிரித்துவிட்டார்.

ஒன்பது நாள் கதைத்தோம். என்னைக் கனடாவுக்கு அனுப்பத் தான் பிடிவாதம் பிடித்தது பிழையோ என்று கேட்டார். பிழையில்லை அக்கா என்றேன். அதை நேரில் சொல்ல எனக்கு இருபது வருடம் எடுத்திருக்கிறது.

நான் திரும்பிவந்த இரண்டாம் வாரம் அவர் போய்விட்டார். செத்தவீட்டுக்கு நான் போகவில்லை. சனம் கதைத்ததுதான். கதைக்கட்டும். எனக்கும் ஒருநாள் அப்படி வந்தால், நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும், என் வாயில் பேச்சு இருக்கும்போதே வாருங்கள். போன் காட்டும் எண்ணை விடுங்கள். உங்கள் கதவில் இருந்து என் கட்டில் வரை எண்ணுங்கள்.

அடக்கத்தை விடியற்காலையில் போனில் பார்த்தேன். நீங்கள் நித்திரை. அங்கே ஒவ்வொருவராக வந்து குழிக்குள் ஒரு பிடி மண் போட்டார்கள். முடிந்ததும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வீட்டின் பின்வளவுக்குப் போனேன். பனியைக் காலால் விலக்கி, ஸ்குறூட்றைவரால் நிலத்தைக் குத்தினேன். கல்லாக இறுகிக் கிடந்தது. ஒரு பிடி வரவில்லை, விரல் நுனியளவுதான் வந்தது. அதை அந்தச் சின்னக் குழிக்குள்ளேயே போட்டேன்.