எட்டு நாள் பிள்ளைகள்

திருப்பூரில் எதையும் ஒரு தடவைதான் கேட்பார்கள். வந்த புதிதில் எனக்கு இது பெரிய விசித்திரமாக இருந்தது. கம்பெனியில் பக்கத்து மேஜைக்காரி டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, "சாப்புடறீங்களா?" என்பாள். நான் "வேண்டாம்" என்பேன். "சரிங்க" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குச் சாப்பிட ஆரம்பித்துவிடுவாள். நம் சாத்தான்குளம் பக்கம் அப்படியா நடக்கும்? முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதைக்கு. இரண்டாவது தடவை கொஞ்சம் பிகு. மூன்றாவது தடவை கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தால்தான் நாம் கை நனைப்போம். இந்த ஊர்க்காரர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போனால் இலை கொள்ளாமல் பரிமாறுவார்கள். ஆனால் கம்பெனி நேரத்தில் வேறு மாதிரி. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசுகிற இந்த மரியாதைக்காரர்கள், நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் உங்களுக்கு உண்மையிலேயே வேண்டாம் என்று நம்பிவிடுகிறார்கள். பாதிச் சாப்பாட்டோடும் முழுப் பசியோடும் நான் இதைக் கற்றுக்கொண்டேன் என்று நினைத்திருந்தேன். கற்றுக்கொள்ளவில்லை என்பது சுனாமிக்கு அடுத்த வருஷக் கிறிஸ்துமஸுக்குத்தான் தெரிந்தது.

அப்போது நாங்கள் திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். ஒரே வரிசையில் எட்டு ரூம், பொதுவாக ஒரு குழாய். என் வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் ஷிப்ட் வேலை பார்த்தார். நான் பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற துணியை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, எங்கே ஓட்டை, எங்கே கறை, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது. நாள் முழுக்கக் குறை தேடுகிற உத்தியோகம். அந்தப் பழக்கம் வீட்டுக்கு வந்தாலும் போகாது. எங்கள் மகள் பியூலாவுக்கு அப்போது ஏழு வயது. இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டால் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை என்று, ஊரில் என் அண்ணன் வீட்டில் விட்டிருந்தோம். ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்தபோது கொண்டுபோய் விட்டதுதான். தீபாவளிக்குக் கம்பெனி பத்து நாள் லீவு விட்டபோது எனக்கு டைஃபாய்டு. திருப்பூரிலேயே படுத்துக் கிடந்தேன்.

ஜூனில் விட்டுவிட்டு வந்த அன்று அவள் அழவில்லை. அதுதான் என் நெஞ்சில் முள்ளாக நின்றது. அழுவாள், சேலையைப் பிடித்துத் தொங்குவாள், எப்படிப் பிய்த்துக்கொண்டு வரப்போகிறேன் என்று இரண்டு நாளாகப் பயந்துகொண்டிருந்தேன். அவளோ அண்ணன் பிள்ளைகளோடு சைக்கிள் டயரை உருட்டிக்கொண்டே, "போய்ட்டு வாங்க" என்று கையை ஆட்டினாள். வாரம் ஒருமுறை டீக்கடை போனில் பேசுவாள். எல்லாம் அத்தை புராணம்தான். அத்தை கொழுக்கட்டை அவித்தாள், அத்தை ஸ்டார் கட்டித் தந்தாள், அத்தை இரட்டைச் சடை போட்டுவிட்டாள். என் மதினி தங்கமான பொம்பளை. அவள் தங்கமாக இருந்ததுதான் எனக்கு எரிந்தது. கொஞ்சம் கொடுமைக்காரியாக இருந்திருந்தால் பிள்ளை என்னைத் தேடியிருக்குமே என்றுகூட ஒருநாள் நினைத்தேன். தாய் நினைக்கிற நினைப்பா இது? ஆனால் நினைத்தேன்.

நவம்பர் கடைசியில் டிரஸ்ட் அம்மா வந்தார். சரோஜினியம்மா என்று பேர். இந்த ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து ஓர் அறக்கட்டளை நடத்தினார்கள். நாங்கள் வெறுமனே டிரஸ்ட் என்போம். தீபாவளிக்கு ஊருக்குப் போக முடியாதவர்களுக்கு இனிப்பும் துணியும் கொடுப்பார்கள். அந்த வருஷம் புதிதாக ஒன்று யோசித்திருந்தார்கள். டிசம்பரில் ஷிப்மெண்ட் அவசரம், எந்தக் கம்பெனியும் லீவு தராது. பிள்ளைகளுக்கோ அரையாண்டு லீவு. பெற்றவர்கள் ஊருக்குப் போக முடியாவிட்டால் என்ன, பிள்ளைகளை இங்கே கொண்டுவருவோம் என்று ஒரு பஸ் பிடித்திருந்தார்கள். மார்கழியில் கல்யாணம் இல்லாததால் ஒரு மண்டபம் சும்மா கிடந்தது. அதன் சொந்தக்காரர் இலவசமாகக் கொடுத்துவிட்டார். பகலில் பிள்ளைகள் அங்கே இருக்கும், மத்தியானச் சாப்பாடு அங்கேயே, சாயங்காலம் பெற்றவர்கள் கூட்டிப் போகலாம். சரோஜினியம்மா நோட்டோடு வந்து என் வாசலில் நின்றார். நெற்றியில் திருநீறு, கையில் ஸ்டார் படம் போட்ட நோட்டீஸ்.

"ஏனுங்க, உங்க கொழந்த ஊர்ல இருக்குதாமா? லீவுக்குக் கூட்டியாந்து, மறுபடி ஊர்லயே கொண்டு போய் உட்டுருவமுங்க. பேரு எழுதிக்கட்டுங்களா?"

என் வாயில் வந்ததைச் சொல்கிறேன். "எதுக்கும்மா உங்களுக்குச் சிரமம்? அவ அங்க நல்லாத்தான் இருக்கா. ஒரு குறையும் இல்ல."

"அப்படீங்களா? சந்தோசமுங்க" என்று அவர் அடுத்த வாசலுக்குப் போய்விட்டார். நான் காப்பிக்குப் பாலை அடுப்பில் வைத்தேன். திரும்பி வந்து இன்னொரு தடவை கேட்பார், காப்பி கொடுத்துக்கொண்டே சரி என்று சொல்லிவிடலாம் என்று இருந்தேன். பால் பொங்கியது. அவர் வரவில்லை.

அடுத்த ரூமில் மாரியம்மாள். திசையன்விளைக்காரி, நம் பக்கம்தான், என்னைவிடச் சின்னவள். ஆனால் திருப்பூருக்கு வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் மகளும் ஊரில்தான் இருந்தாள். அவள் வாசலில் நோட்டு திறந்ததும், "செல்வின்னு எழுதுங்கம்மா. ஒண்ணாங் கிளாஸ்" என்று பட்டென்று சொன்னது எனக்குக் கேட்டது. பிறகு என்னிடம் வந்து, "என்னக்கா, வேண்டாம்னுட்டியளாமே? இங்க ஒரு தடவதான் கேப்பாவ" என்றாள். எனக்குத் தெரியாதா என்று எரிந்து விழுந்தேன். ரோஷத்தை முழுங்கி நான் சரோஜினியம்மாவைத் தேடிப் போவதற்கு நாலு நாள் ஆகிவிட்டது. "பஸ்ஸு நெறஞ்சு போச்சுங்களே. அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா..." என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். வேண்டாம் என்றவர்களை வற்புறுத்தினால் இரக்கப்பட்டுக் கொடுக்கிறது போல ஆகிவிடும் என்று அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடாம். நம் ஊரில் வற்புறுத்தாவிட்டால்தான் அவமானம் என்று அவருக்கு நான் எப்படி விளக்குவது?

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஒருநாள் லீவு மிச்சம் என்று கம்பெனிக்குக் கொண்டாட்டம். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் வந்தது. மாரியம்மாள் ஓடின ஓட்டத்தில் ஒரு செருப்பு ரோட்டிலேயே கிடந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். பிள்ளையைத் தூக்கி அவள் முகர்ந்த முகர்ச்சியைப் பார்க்கச் சகிக்காமல், செருப்பைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். கிறிஸ்துமஸ் எங்களுடையது. மாரியம்மாள் பத்திரகாளி கோயிலுக்குத் தீச்சட்டி எடுப்பவள். எங்கள் பண்டிகைக்கு அவளுக்குப் பிள்ளை வந்திறங்குகிறது, நான் வெறுங்கையோடு சர்ச்சுக்குப் போகிறேன். இதில் என்ன நியாயம் என்று ஆராதனை முழுக்க ஆண்டவரிடம் சண்டை போட்டேன்.

சர்ச்சிலிருந்து மண்டபத்துக்குப் போனேன். கம்பெனிகள் கொடுத்த பிள்ளைத் துணிகளைத் தரம் பார்த்துப் பிரிக்க, செக்கிங் தெரிந்த பெண்களை வரச் சொல்லியிருந்தார்கள். மண்டபத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்திலேயே காகித ஸ்டார் தொங்கியது. கிறிஸ்துமஸ் தாத்தா மாப்பிள்ளை உட்காருகிற சிவப்பு வெல்வெட் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் ஒவ்வொரு பிள்ளையின் பேருக்கும் ஒரு செட் எடுத்து வைக்க வேண்டும். செல்வி என்ற சீட்டு என் கைக்கு வந்தது. அவள் அளவில் இரண்டு கவுன் இருந்தன. ஒன்றில் ஒரு குறையும் இல்லை. மற்றதில் அக்குள் பக்கம் தையல் விட்டிருந்தது. நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன்: தையல் விட்டதைத்தான் செல்வி பேருக்கு எடுத்து வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் அந்தப் பிள்ளை என் வாசலுக்கு வந்தது. அந்த வாரம் முழுக்க மாரியம்மாளுக்கு ஓவர்டைம். மண்டபம் ஆறு மணிக்கு மூடிவிடுவதால் யாரோ கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கையைத் தூக்கிக் காட்டி, "பெரியம்மா, இதுல காத்து வருது" என்று சிரித்தது. புகார் இல்லை, காற்று வருவது அதற்கு வேடிக்கையாக இருந்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊசி நூலை எடுத்து, பிள்ளை போட்டிருந்தபடியே தைத்துவிட்டேன். அசையாமல் நிற்கச் சொன்னால் கூச்சத்தில் நெளிந்து நெளிந்து என் மேலேயே சாய்ந்தது. தலையில் வெயில் வாசம் அடித்தது. அன்றிலிருந்து தினமும் ஆறு மணியிலிருந்து மாரியம்மாள் வரும்வரை செல்வி என்னோடுதான். நான் சமைத்தால் முதுகில் தொங்கும். தண்ணீர் பிடிக்கப் போனால் குடத்தின் வாயைப் பிடித்துக்கொண்டு கூடவே வரும். மாரியம்மாள் வந்து கூப்பிட்டதும் என்னை அப்படியே விட்டுவிட்டு ஓடும். அந்த நிமிஷம் எனக்கு மாரியம்மாளைப் பார்க்கவே பிடிக்காது.

சனிக்கிழமை சரோஜினியம்மா வந்தார். மறுநாள் பஸ் திரும்புகிறது, துணைக்குப் போக வேண்டிய டீச்சருக்குக் காய்ச்சல். "பொம்பளத் தொணை ஒண்ணு வேணுமுங்க. நீங்க போயிட்டு வர்றீங்களா?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், "போறேம்மா" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே கேள்விக்குச் சரி என்று சொன்னேன். உடனே ஊர் டீக்கடைக்குப் போன் போட்டு, நாளைச் சாயங்காலம் சாத்தான்குளம் பஸ் ஸ்டாண்டுக்குப் பிள்ளையைக் கூட்டி வாருங்கள், பத்து நிமிஷம் பஸ் நிற்கும் என்று அண்ணனிடம் சொல்லச் சொன்னேன்.

புத்தாண்டு அன்று விடியும்போதே கிளம்பினோம். தாராபுரம் தாண்டும்வரை பஸ் முழுக்க ஒரே அழுகை. மதுரையில் நாலு பிள்ளைகள், அருப்புக்கோட்டையில் ஆறு என்று இறக்கி, கூட்டிப்போக வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கினேன். சித்தப்பா, ஆச்சி, பக்கத்து வீட்டு அக்கா என்று யார் யாரோ வந்தார்கள். அழுதுகொண்டே ஏறிய பிள்ளைகள் இறங்கும்போது அழவில்லை. பியூலா என்னைப் பார்த்ததும் என்ன செய்வாள்? மறுபடியும் கையை ஆட்டிவிட்டு ஓடிவிடுவாளோ? இந்த ஒரே கேள்விதான் ஊர் வரைக்கும். செல்வி என் மடியில் தலைவைத்து, என் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்கிவிட்டிருந்தாள். அவள் அடுத்த ஊரில்தான் இறங்க வேண்டும்.

சாத்தான்குளத்தில் பஸ் நின்றபோது கால் மரத்துப்போய் என்னால் சட்டென்று எழ முடியவில்லை. அதற்குள் பியூலாவே படியேறி வந்துவிட்டாள். உயரமாகியிருந்தாள், முன்பல் ஒன்று விழுந்திருந்தது. பின்னால் மதினி கீழேயே நின்றாள். பியூலா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது யாரு?"

"மாரி சித்திக்க மவ. பக்கத்து ரூம்ல இருந்தா."

"திருப்பூர்லயா? ஒங்க கூடயா?"

"ஆமா."

"எத்தன நாளு?"

"எட்டு நாளு."

அவள் உதடு கோணியது. குனிந்து, செல்வியின் கையிலிருந்து என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, எந்திரி. இது எங்க அம்மா மடி."

நான் அதட்டியிருக்க வேண்டும். தூங்குகிற பிள்ளையை அப்படி எழுப்பலாமா என்று கேட்டிருக்க வேண்டும். எனக்கு வந்ததோ சந்தோஷம், அப்படி ஒரு சந்தோஷம். என் மகளுக்கு வயிறு எரிகிறது. எனக்காக எரிகிறது. ஆறு மாசமாக நான் பட்டது அத்தனையும் அவள் முகத்தில் அப்படியே இருந்தது. செல்வி விழித்து, ஒன்றும் புரியாமல் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் கொஞ்சம் நகர்ந்து பியூலாவையும் இழுத்து உட்கார வைத்தேன். ஆளுக்கு ஒரு தொடை. பத்து நிமிஷமும் அவள் தோளால் செல்வியை இடித்து இடித்துத் தள்ளுவதிலேயே குறியாக இருந்தாள்.

டிரைவர் ஹாரன் அடித்தார். அண்ணன் வந்து அவளைத் தூக்கி இறக்கினான். மதினியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள், அழவில்லை. பஸ் நகரும்போது மட்டும் ஜன்னலுக்குக் கீழே கூடவே நடந்து வந்து, என்னிடம் இல்லை, செல்வியிடம் சொன்னாள்: "அடுத்த வருசம் நான் வருவேன். நீ எடத்த விட்டுரணும், பாத்துக்கோ."

பஸ் திசையன்விளை ரோட்டில் திரும்பியது. பியூலா உட்கார்ந்திருந்த பக்கம் இன்னும் சூடாக இருந்தது. செல்வி மறுபடி படுத்து, கண்ணை மூடிக்கொண்டே அந்தப் பக்கமாகக் காலை நீட்டினாள். நான் அந்தக் காலைத் தள்ளிவிட்டேன்.