சாருக்கு நான் தைத்த உறை

தேவசகாயம் சாரைப் பறவை பார்க்க முடியாதவராக ஆக்கியவன் நான்தான். அடித்து உதைத்து அல்ல. ஒரு பைனாகுலருக்கு உறை தைத்துக் கொடுத்து ஆக்கினேன். அது எப்படி என்கிறீர்களா... சொல்கிறேன். பாதியில் எழுந்து போகாதீர்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆம்பூரில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலில் மயிர் வழித்தவன். அதே ஊரில் சொந்தமாகத் தோல் ஷெட் போட்டவன். கண்ணை மூடித் தடவினாலே ஆட்டின் வயதைச் சொல்வேன். உங்களில் எத்தனை பேருக்கு அது வரும்?

சார் காலேஜில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஊர் ஏரியில் வாரம் தவறாமல் பறவைகளை எண்ணி நோட்டில் எழுதுவார். அவருக்குக் கை நடுக்கம் வந்தது. பைனாகுலரைத் தூக்கினால் ஏரியே ஆடுகிறது என்றார். தொண்ணூறுகளின் கடைசி... நான் தோல் கண்காட்சிக்கு ஹாங்காங் கிளம்பிய சமயம்.

“கோவிந்து, கை ஆடினாலும் படம் ஆடாத பைனாகுலர் ஒண்ணு வந்திருக்குதாம். பாத்து வாங்கினு வர்றியா?”

“வாங்கினு வர்றேன் சார். பேஜாரே வாணாம்.”

நல்ல மனதோடுதான் போனேன். கடைக்காரன் பெரிது பெரிதாக எடுத்து வைத்தான். பதினெட்டு மடங்கு காட்டுவது செங்கல் கனம். நடுங்கும் கை அதைத் தாங்குமா? பத்து மடங்கு போதும் என்று நானே முடிவு செய்தேன். சார் மூக்குக்கண்ணாடி போடுகிறவர். கண் வைக்கும் இடத்து ரப்பர் மடிகிறதா என்றும் பார்த்தேன். மேலே ஒரு பொத்தான். அதை அழுத்திப் பிடித்தால்தான் நடுக்கம் நிற்கும். அழுத்தினேன். எதிர்க் கட்டடத்துக் கொடியில் காய்ந்த சட்டை ஆணி அடித்தது போல நின்றது.

ஊர் திரும்பினால் சேதி காத்திருந்தது. தாலுகா ஆபீஸ் கூட்டத்தில் சார் தன் நோட்டை வாசித்திருக்கிறார். என் ஷெட் கழிவுத் தண்ணீர் ஏரியில் கலக்கும் மூலையில் உள்ளான் இல்லை, முக்குளிப்பான் இல்லை என்று... ஊர் கேட்க, என் பெயரைச் சொல்லி! என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? நான் சுமந்து வந்த கண்ணாடியை வைத்து இனி என்னையே எண்ணுவாராம். படித்த திமிர்.

கொடுக்காமல் விட்டிருக்கலாம். அது சின்னப் புத்தி என்று நினைத்தேன். என் புத்தி பெரிது, பாருங்கள்.

நானே உட்கார்ந்து தைத்தேன். மெல்லிய ஆட்டுத்தோலை ஓரம் சீவி, பைனாகுலரின் உடம்போடு ஒட்டிய மேலுறை. பொத்தான் இருந்த இடத்தில், ஷூவின் குதிகாலுக்குள் வைக்கிற விறைப்பான அட்டையைக் குழித்து வைத்து, மேலே தோலை இழுத்து ஒட்டினேன். விரலால் தடவினால் மேடும் தெரியாது, பள்ளமும் தெரியாது; எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே பொத்தான் இறங்காது. கழுத்து வலிக்காதிருக்க அகல வார், மழைக்கு லென்ஸ் மூடி, ஈரம் புகாத பெட்டி. அப்படி ஒரு வேலையை ஆம்பூரில் இன்னொருவன் செய்து காட்டட்டும். கூட வந்த விளக்கப் புத்தகத்தை அடுப்பில் போட்டேன்.

சார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னா கோவிந்து, மாப்பிள்ளைக்கு ஷெர்வானி தெச்ச மாதிரி தெச்சிருக்க. எதையாவது அமுக்கணுமா?”

“ஒண்ணும் வாணாம் சார். பேட்டரி போட்டிருக்கேன். கண்ணுல வெச்சா தானா நிக்கும்.”

“கூட்டத்துல உன் பேரைச் சொன்னேன். கோவமா?”

“அது வேற, இது வேற சார்.”

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்...

பறவை எண்ணுகிறவர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. சந்தேகமான பறவையை எழுத மாட்டார்கள். தூரத்துச் சேற்றில் நிற்பது உள்ளானா, பச்சைக்காலியா... காலின் நிறம் தெரிந்தால்தான் நோட்டில் ஏறும். சாரின் நோட்டில் வாரத்துக்கு வாரம் வரிகள் குறைந்தன. பறவை எதிரே நின்றது. எழுத அவர் மனம் ஒப்பவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவர் போகவில்லை. வாசிக்க ஒன்றுமில்லை. என் ஷெட் ஓடியது.

பிறகு பெட்டியோடு திருப்பிக் கொண்டுவந்தார்.

“நீயே வெச்சுக்க. மிஷின் மேல குத்தம் இல்ல. நடுக்கத்துக்குன்னே செஞ்ச மிஷினு, அதுவே என் கைகிட்ட தோத்துப் போச்சுன்னா, எனக்கு எவ்ளோ ஜாஸ்தி ஆயிட்டுதுன்னு பாரு.”

ஒரு பிளேடு போதும். தோலைக் கிழித்து அவர் விரலைப் பொத்தானில் வைத்திருக்கலாம். என் கை அசையவில்லை. ஏன்? அவர் கெஞ்சவில்லை என்பதாலா? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. கூட்டத்தில் என் பெயரைச் சொன்னதை இன்றைக்கும் நான் பொறுத்துக்கொள்ளவில்லை. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பறவையோடு முடியும் என்று நினைத்தேன். முடியவில்லை. தன் கை மேலேயே அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. எழுதுவதை விட்டார். தானே சவரம் செய்வதை விட்டார்.

இத்தனை வருடம் கழித்துப் போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்தார். ஒன்றை என்னிடம் தந்தார். இன்னொன்றை சாரின் வாயருகே தானே பிடித்துக்கொண்டார்.

“அவர் கையிலயே குடுத்துப் பாரும்மா, புடிப்பாரு,” என்றேன்.

“மிஷினே வாணான்னு சொன்ன கை இது, கோவிந்து,” என்று சார் சிரித்தார்.

அந்தக் கை அவ்வளவு மோசமில்லை என்று அன்றைக்கே தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான். இன்றைக்கு அது எப்படியோ... யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

“சக்கரை கம்மியாண்ணே?” என்று அந்த அம்மா கேட்டார்.

சரியாக இருக்கிறது என்று சொல்லி, முழுவதையும் குடித்தேன்.