சாம்பல் நிறத்தில் கை வைக்காதீர்கள்

போன சனிக்கிழமை காலை. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு மண்டபம். மங்கள விளக்கு ஏற்றுவதற்காக எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். நான் மட்டும் மேசைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து தேயிலைப் பெட்டி ஒன்றைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஏன் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

இந்தப் பக்கத்தை விடாமல் வாசிப்பவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒருமுறை... நான் ஐரோப்பிய நாடுகளில் எப்போதோ நடந்த தேர்தல்களின் முடிவுகளையும் சர்வஜன வாக்கெடுப்புகளின் முடிவுகளையும் வரைபடமாகக் கீறுகிறவள். டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடியில் இருக்கும் எங்கள் அப்பார்ட்மெண்டின் சாப்பாட்டு மேசைதான் என் அலுவலகம். என் கணவர் பத்து வருடமாக சோபாவில் இருந்து, தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறார். ஆரம்பத்தில் முணுமுணுத்தார். இப்போது மேசையில் இருந்து சாப்பிடச் சொன்னால்தான் அவருக்குச் சங்கடம்.

வேலை லேசானது இல்லை. மாகாணம் மாகாணமாக முடிவுகளைத் தேடி எடுக்க வேண்டும். அந்தக் காலத்து எல்லைகளைக் கண்டுபிடித்துக் கீற வேண்டும். இன்றைய எல்லைக்குள் அன்றைய வாக்கைக் கொட்டினால் அது பொய்ப் படம். பிறகு கலர் பென்சில். மயிரிழையில் வென்ற இடத்துக்கு மெல்லிய நிறம். அள்ளிக்கொண்டு போன இடத்துக்கு அழுத்தமான நிறம். முடிவே இல்லாத இடத்துக்குச் சாம்பல். இந்த வேலை செய்கிறவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் — இல்லாத முடிவுக்கு நிறம் தீட்டக் கூடாது.

"உங்களுக்கும் ஐரோப்பாவுக்கும் என்ன சம்பந்தம்?"

எந்தப் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் எனக்குக் கேக் தருவதில்லை. ஒரு சம்பந்தமும் இல்லை ஐயா! ஐரோப்பாவில் இருந்து கப்பலேறி வந்தவர்கள் எங்கள் ஊரை அளந்து, கோடு போட்டு, நிறம் தீட்டினார்களே... அவர்களிடம் யாராவது 'உனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்' என்று கேட்டார்களா? அவர்கள் கீறலாம், நான் கீறக் கூடாதா?

நிறம் தெரிவு செய்வது இன்னொரு தலையிடி. முதல் படத்துக்குப் பச்சையும் நீலமும் போட்டேன். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதை ஊரின் இரண்டு பெரிய கட்சிகளாகவே பார்த்தார்கள். "பச்சை இவ்வளவு இடத்திலை வெண்டவனோ? கள்ள வோட்டா இருக்கும்!" என்று ஒரு அங்கிள் டென்மார்க்கைப் பார்த்துக் கொதித்தார். சிவப்பும் மஞ்சளும் போட்டால் இயக்கத்துக் கொடி என்று கதை வேறு எங்கோ போய்விடும். கனடாவிலோ எந்த நிறத்தைத் தொட்டாலும் ஒரு கட்சிக்காரர் எட்டிப் பார்ப்பார். கடைசியில் கத்தரிப்பூ நிறத்துக்கும் மண்ணிறத்துக்கும் வந்து சேர்ந்தேன்.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம்.

எங்கள் சங்கம் வருடா வருடம் ஒரு பொழுதுபோக்குக் கண்காட்சி வைக்கிறது. முத்திரை சேர்ப்பவர்கள், நாணயம் சேர்ப்பவர்கள், காகிதப் பூச் செய்பவர்கள் என்று ஆளுக்கொரு மேசை. நான் நாலு வருடமாக ஒரு மேசை கேட்டேன். செயலாளர் குலம் அண்ணை நாலு வருடமும் ஒரே பதில்தான் சொன்னார்.

"தங்கச்சி, உதைப் பாக்க ஆர் வரப்போகினம்? எங்கட ஆக்களுக்கு ஏத்த மாதிரி ஏதாவது செய்யுங்கோவன்."

இந்த வருடம் போன்சாய் வளர்க்கிற ஒருவர் பிக்கரிங்குக்கு வீடு மாறுகிற அவசரத்தில் வர முடியாது என்றுவிட்டார். மேசை காலி. குலம் அண்ணைக்கும் வேறு வழியில்லை. நான் துள்ளிக் குதித்தேன் என்று எழுதினால் என் வயதுக்கு அழகில்லை... ஆனால் குதித்தேன்.

கொண்டுபோனது இத்தாலிப் படம். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946இல், அங்கே மக்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். மன்னர் வேண்டுமா, குடியரசு வேண்டுமா? பெண்கள் நாடு முழுவதும் வாக்களித்த முதல் தடவையும் அதுதான். வடக்கு பெரும்பாலும் குடியரசு என்றது. தெற்கு பெரும்பாலும் மன்னர் என்றது. நாலடி உயரப் படம். குடியரசுக்குக் கத்தரிப்பூ நிறம், மன்னருக்கு மண்ணிறம். நாலு மாத வேலை.

வடக்கு எல்லையில் ஒரு துண்டும் கிழக்கு ஓரத்தில் இன்னொரு துண்டும் சாம்பல். போர் முடிந்தும் அந்த இடங்கள் யாருக்கு என்பது தீர்மானமாகவில்லை. அதனால் அங்கே வாக்கெடுப்பு நடக்கவில்லை. நாட்டின் தலைவிதியை எல்லோரிடமும் கேட்டார்கள். அவர்களிடம் கேட்கவில்லை. அந்தப் படத்தில் எனக்குப் பிடித்த இடமே அதுதான். பிடித்த என்பது சரியான சொல் இல்லை. கண் திரும்பத் திரும்பப் போகிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி பின்னேரம் படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன். சனி காலை போய்ப் பார்த்தால்...

சாம்பலைக் காணோம்!

இரண்டு துண்டும் கத்தரிப்பூ நிறம். அதுவும் பென்சில் இல்லை — மார்க்கர். கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி போகாமல், மிகவும் கவனமாக, அழுத்தி அழுத்தி, ஒரு தரத்துக்கு இரண்டு தரம் தீட்டியிருந்தது.

பக்கத்தில் ரஞ்சினி அக்கா சிரித்த முகத்தோடு நிற்கிறார். மட்டக்களப்புக்காரர். நர்சிங் ஹோமில் வேலை. சங்கத்தில் மண்டப அலங்காரம் எப்போதும் அவர் பொறுப்பு.

"புள்ள, ரெண்டு இடம் தீட்டாம மறந்து போயிட்டீங்க. பக்கத்தில எல்லாம் கத்தரிப்பூ நிறம்தானே, அதான் நானே தீட்டி முடிச்சிட்டன். வடிவா இருக்கு என்ன?"

என்ன சொல்வது? நல்ல மனசோடு செய்த காரியத்துக்கு எப்படிக் கோபிப்பது? எனக்குக் கோபிக்கத் தெரியும். கோபித்தேன்.

"அக்கா, அது மறந்து விட்டதில்லை! அங்கை வோட்டே நடக்கேல்லை!"

சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. குலம் அண்ணை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"என்ன பிரச்சினை? சீஃப் கெஸ்ட் பார்க்கிங் லொட்டுக்கு வந்திட்டார்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"இப்பத்தான் படம் முழுசா இருக்கு தங்கச்சி. நேற்றுப் பாக்கேக்கை பூச்சி அரிச்ச மாதிரி இருந்தது. உதிலை சாம்பலோ கத்தரிப்பூவோ எண்டு இஞ்சை ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும் அண்ணை."

"உங்களுக்கு மட்டும்தானே தெரியும்?"

"எனக்குத் தெரிஞ்சால் காணாதோ?"

அவருக்கு முகம் சுண்டிப் போய்விட்டது. பாவம், அன்று அவருக்கு ஆயிரம் வேலை. ஆனால் எனக்கு இருந்தது ஒரே வேலை.

"இதைத் திருத்த விடுங்கோ. இல்லாட்டிப் படத்தைக் கழட்டுறன்."

"கழட்டினால் வெறும் மேசைதான் நிக்கும். கமிட்டி பிறகு உங்களுக்கு மேசை தராது. சொல்லிப்போட்டன்."

நாலு வருடம் கேட்டுக் கிடைத்த மேசை. விட்டுவிடு, சும்மா இரு, நாலு பேர் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு மனம் சொன்னது. அந்த மனத்தை எனக்கு நன்றாகத் தெரியும். வாழ்க்கை முழுக்க 'பறவாயில்லை, பறவாயில்லை' என்று சொல்லியே என்னைக் கூட்டிக்கொண்டு வந்த மனம் அது. கனடாவுக்கு வந்த புதிதில் வேலையிடத்தில் என்னை எந்த நாட்டுக்காரி என்று எவர் எப்படிச் சொன்னாலும் தலையாட்ட வைத்ததும் அதுவேதான். இந்த முறை அதன் பேச்சைக் கேட்கவில்லை. மேல் மூலையில் ஒட்டியிருந்த டேப்பை உரிக்கத் தொடங்கினேன்.

குலம் அண்ணை தலையில் கை வைத்தார். வாசலில் பொன்னாடையோடு ஒருவர் அவரைக் கூப்பிட, "என்னவும் செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

ரஞ்சினி அக்கா மட்டும் போகவில்லை. மார்க்கரைக் கையில் வைத்தபடி நின்றார்.

"ஏன் புள்ள அங்க வோட்டு நடக்கல்ல? ஆக்கள் இருக்கல்லையா?"

"இருந்தவை அக்கா. அவையளைக் கேக்கேல்லை. மிச்ச எல்லாரையும் கேட்டிட்டு முடிவைச் சொல்லிப்போட்டினம்."

அவர் மார்க்கரை மேசையில் வைத்தார். பிறகு சொன்னார், படத்தைப் பார்த்தபடியே.

"எங்கட ஊர் ஆத்துக்கு அங்கால, படுவான்கரையில. ஒரு தேர்தல். எங்களுக்கு வோட்டு அட்டையெல்லாம் வந்திச்சி. பெட்டி வரல்ல. ஆத்தக் கடந்து இஞ்சால வந்தாத்தான் வோட்டுப் போடலாம் எண்டாங்க. அண்டைக்குப் பார்த்து தோணித் துறைய மூடிட்டாங்க. வெள்ளைச் சாறி உடுத்திட்டு, அட்டையக் கையில வெச்சிக்கிட்டு, வெயிலுக்க நிண்டுட்டுத் திரும்பி வந்தம். மறுகா ரேடியோவில ரிசல்ட் சொன்னாங்க — மட்டக்களப்பு மாவட்டம் முழுக்க இவங்களுக்குத்தான் எண்டு."

மூச்சு வாங்கினார்.

"எங்களையும் சேத்துத்தானே புள்ள சொன்னாங்க?"

நான் டேப் உரிப்பதை நிறுத்திவிட்டேன். கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அழுகைதான் வந்தது. அவருக்கும்தான்.

விடுபட்டவர்களைப் பக்கத்து நிறத்தோடு சேர்த்துத் தீட்டிவிடுவது எவ்வளவு சுலபம்! கெட்ட எண்ணம்கூடத் தேவையில்லை. படம் வடிவாக இருக்க வேண்டும் என்ற ஆசை ஒன்றே போதும். ஆற்றங்கரையில் அட்டையோடு நின்ற ஒருவர் கூட, கையில் ஒரு மார்க்கர் கிடைத்தால், இன்னொரு நாட்டில் இன்னொருவருக்கு அதையே செய்துவிடுகிறார். நானும் எத்தனை பேருக்குச் செய்திருப்பேன்? தெரியாது. அதுதானே இதில் பயங்கரம்.

ரஞ்சினி அக்கா மூக்கைச் சீறித் துடைத்துக்கொண்டார்.

"இத எப்படி அழிக்கிற?"

"மார்க்கரை அழிக்கேலாது அக்கா. மேலாலை ஒட்டலாம். சாம்பல் நிறத்திலை மட்டை ஏதும் இருக்கோ?"

அவர் தேத்தண்ணி போடுகிற குசினிக்குள் ஓடிப்போய் ஒரு தேயிலைப் பெட்டியோடு வந்தார். உள்ளே இருந்ததை ஒரு கிண்ணத்தில் கொட்டிவிட்டிருந்தார். பெட்டியை விரித்து உட்பக்கத்தைக் காட்டினார். அசல் சாம்பல்! நான் தேடித் தேடி வாங்கிய பென்சிலை விட நல்ல சாம்பல்.

மேடையில் "அனைவரும் எழுந்து நிற்கவும்" என்று அறிவிக்கிறார்கள். எழுந்து நிற்க வேண்டியவள்தான் நான். விளக்கின் மேல் எனக்கு மரியாதை இல்லாமல் இல்லை. ஆனால் நான் குந்தியிருந்து வெட்டினேன். ரஞ்சினி அக்கா எனக்கு முன்னால் சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்து மறைத்துக்கொண்டு நின்றார். வடக்குத் துண்டு முதலில் நாக்கு மாதிரி வந்துவிட்டது. இரண்டாம் தரம் சரி. கிழக்கு ஓரத்துத் துண்டை அவரே வெட்டினார். ஒட்டி முடித்தபோது கோடு பிசகவில்லை, அது மட்டும் நிச்சயம்.

விளக்கு ஏற்றி முடிந்து, பொன்னாடை போர்த்தி முடிந்து, சீஃப் கெஸ்ட் மேசை மேசையாக வந்தார். நகரசபை உறுப்பினர். உயரமான வெள்ளைக்காரர். முத்திரையில் ஒரு நிமிடம், காகிதப் பூவில் ஒரு நிமிடம். என் மேசைக்கு வந்ததும் நின்றுவிட்டார். குனிந்து பார்த்தார். பார்த்ததும் விரல் நேராக எங்கே போனது தெரியுமா? தேயிலைப் பெட்டிக்கு.

"ஹூ வன் ஹியர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் ரஞ்சினி அக்கா ஒரு அடி முன்னால் வந்தார். மண்டபத்தில் மைக்கைக் கண்டாலே ஒளித்துக்கொள்கிறவர் அவர்.

"நோபடி ஆஸ்க்ட் தெம், சேர்."

அந்த மனிதர் தலையாட்டவில்லை, சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். முத்திரைக்குக் கிடைத்ததை விட நிறைய நேரம். குலம் அண்ணை அதைக் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது என்னிடம் வந்தார். குரலில் சமாதானம்.

"தங்கச்சி, அடுத்த வருஷமும் மேசை இருக்கு. ஆனா எங்கட ஊர்த் தேர்தல் ஒண்டைக் கீறுங்கோவன். எல்லாரும் வந்து பாப்பினம்."

"கீறுறன் அண்ணை. ஆனா சாம்பல் கனக்க வரும். பறவாயில்லையோ?"

அவர் கையில் இருந்த கதிரையைப் பார்த்தார். பதில் பின்னால் இருந்து வந்தது.

"வரட்டும் புள்ள. நான் வந்து தீட்டித் தாறன்."

மார்க்கரை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.